எழுத்தும் நிறமும் கோளாறு செய்யும்போது: நோட்டீஸ், அழைப்பிதழ், மனு தயாரிப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே ஒரு டிடிபி மையத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், பால்காய்ப்பு (புதுமனை புகுவிழா) அட்டை, நினைவஞ்சலி, ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் மனு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் போகின்றன. "அண்ணே, எழுத்து நல்லா இல்ல, வேற ஃபான்ட் போட்டுத் தாங்க" என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு எழுத்துருவை மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை. அளவையோ வரி இடைவெளியையோ நிறத்தையோ திருத்தினால் அதே எழுத்துரு நன்றாகத் தெரியத் தொடங்கிவிடும். ஆகவே கீழே உள்ளவற்றில் உங்களுக்கு நேர்ந்திருக்கும் அறிகுறியைக் கண்டுபிடித்து, அதன்கீழ் சொல்லியிருக்கும் வரிசையிலேயே முயன்று பாருங்கள். காசு செலவில்லாத வழி முதலிலும் செலவு வைக்கும் வழி கடைசியிலும் வரும்படி வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். ஆவணத்தை உண்மையான அளவில் ஒரே ஒரு பிரதி அச்சிட்டு, அது எங்கே படிக்கப்படுமோ அங்கே கொண்டுபோய் வையுங்கள். கதவில் ஒட்டுவதானால் கதவில் ஒட்டி நான்கடி தள்ளி நின்று படியுங்கள். கையில் கொடுப்பதானால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது.

அறிகுறி: தமிழுக்குப் பதில் வேறு ஏதோ தெரிகிறது

*கட்டம் கட்டமாகத் தெரிந்தால்*

அந்த இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை என்று பொருள். உரையைத் தேர்ந்தெடுத்து நிர்மலா யூஐ எழுத்துருவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் இது கணினியிலேயே இருக்கிறது. பழைய கோப்பு லதா எழுத்துருவைக் கேட்டு, விண்டோஸ் 10-இல் அது காணவில்லை என்றால் அது தொலைந்துபோகவில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், தமிழ் துணை எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்ப வந்துவிடும்.

ரூபாய்க் குறி மட்டும் கட்டமாக வந்தால் எழுத்துரு பழையது. ₹ குறி 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்ட எழுத்துருக்களில் அது இருக்காது. அந்த ஒரு குறியை மட்டும் வேறு எழுத்துருவுக்கு மாற்றலாம், அல்லது 'ரூ.' என்று எழுதிவிட்டுப் போகலாம். நன்கொடை ரசீதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

*ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால்*

இது பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அதன்பின் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் 'ழ்' மேல் இருக்க வேண்டிய புள்ளி. குவியலுக்குள் அரைப்புள்ளிகள் அடிக்கடி தலைகாட்டினால் பாமினியாக இருக்கலாம் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

முதல் வழி, கோப்பைக் கொடுத்தவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு அதை நிறுவிக்கொள்வது. ஒருமுறை அச்சிட்டு முடிக்கும் வேலைக்கு இது போதும். அடுத்த ஆண்டும் அதே கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்றால், எல்லாக் கணினிகளும் அறியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் பழைய உரையை ஒட்டினால் யூனிகோட் உரை கிடைக்கும்.

மாற்றியபின் மூன்று இடங்களை அவசியம் பாருங்கள். ஒன்று, 'ர்' வரும் சொற்கள். 'அவர்' என்பது 'அவா்' என்று, அதாவது வகரத்துக்குத் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்ததாக மாறியிருக்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடும்போதுதான் அகப்படாது. 'மாரியம்மன்' கோயில் நோட்டீஸில் 'மாாியம்மன்' என்று ஒளிந்திருப்பதும் இதே பிழைதான். இரண்டாவது, ஔகாரம். 'கௌசல்யா' என்பதை 'கெளசல்யா' என்று ளகரம் சேர்த்து அடித்திருப்பார்கள். வாக்காளர் பட்டியல், வங்கிப் படிவம் என்று பெயர் ஒத்துப்போக வேண்டிய இடத்தில் இது தொல்லை கொடுக்கும். மூன்றாவது, 'ஸ்ரீ'. அது 'ஸ்' தனியாகவும் 'ரீ' தனியாகவும் பிரிந்து நின்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சேரவில்லையென்றால் அந்த ஓர் எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

ஐந்தாறு பக்கங்கள் வரை இதை நீங்களே செய்துவிடலாம். ஊர் வரலாறு, ஆலய நூற்றாண்டு மலர் என்று ஐம்பது பக்கங்களுக்கு மேல் போனால், மாற்றித் தரவும் மெய்ப்புப் பார்க்கவும் பழகிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாற்றி மென்பொருள் கொடுத்ததைப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பியவர்கள் பின்னால் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

*எழுத்துக்கு நடுவே புள்ளிகளாலான ஒரு சிறு வட்டம் தெரிந்தால்*

கொம்பையோ துணைக்காலையோ மெய்யெழுத்துக்கு முன்னால் அடித்திருக்கிறீர்கள். பழைய தட்டச்சில் 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று கை பழகியிருக்கும். யூனிகோடில் ககரத்தை முதலில் அடித்துக் கொம்பைப் பின்னால் அடிக்க வேண்டும். இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அந்த எழுத்தை முழுதும் அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள், வட்டத்தை மட்டும் அழிக்க முயன்றால் போகாது.

*வேர்டில் சரியாக இருந்த 'கொ', போட்டோஷாப்பில் ஒட்டியதும் சிதறினால்*

போட்டோஷாப்பின் பிரிஃபரன்சஸில் டைப் பகுதியைத் திறந்து, எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் உங்கள் பதிப்பில் இருந்தால், அதை வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதற்கு மாற்றுங்கள். சற்றுப் பழைய பதிப்புகளில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்ற பெயரில் இருக்கும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேஜ்மேக்கரில் இதற்கு வழி கிடையாது, அது யூனிகோடு அறியாத மென்பொருள். பேஜ்மேக்கரை விடாமல் வைத்திருக்கும் அச்சகத்துக்கு உங்கள் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அல்லது எழுத்துகளைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிக் கொடுங்கள். கர்வ் ஆக்கியபின் பிழை திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*வீட்டுக் கணினியில் சரி, கடையில் திறந்தால் வேறு மாதிரி என்றால்*

கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. வேர்ட் கோப்பாகக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டுப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். போவதற்கு முன் அந்தப் பிடிஎஃப்பை உங்கள் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். கைப்பேசியில் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு இருக்காது. ஆகவே அங்கே சரியாகத் தெரிந்தால் எழுத்துரு கோப்புக்குள் பதிந்திருக்கிறது என்று நம்பலாம்.

அறிகுறி: எழுத்து சரியாக வந்திருக்கிறது, ஆனால் படிக்கத் திணறுகிறார்கள்

ஒரு கொடை விழா நோட்டீஸைத் தந்துவிட்டு, கூடவே வந்திருந்த ஊர்ப் பெரியவரிடம் பார்க்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மேலே ஏற்றி, தாளை நீட்டிப் பிடித்து, "மக்களே, இது என்ன கோடை விழாவா? நம்ம ஊர்ல எப்பம் இதெல்லாம்?" என்று கேட்டார். நோட்டீஸ் அடிக்க வந்த பையன் விரும்பித் தேர்ந்தெடுத்திருந்த அலங்கார எழுத்துருவில் ஒற்றைக்கொம்பின் நுனி அழகுக்காகச் சுருண்டு, இரட்டைக்கொம்பாகவே தெரிந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து சற்றுக் கோணினாலும் சொல்லைப் படித்துவிடலாம். தமிழில் கொடைக்கும் கோடைக்கும், பெறுவதற்கும் பேறுக்கும் இடையே ஒரு சுழிதான் இருக்கிறது. அந்தச் சுழி தெரிகிறதா என்பதே இங்கே முதல் சோதனை.

சோதனை செய்ய, 'கொ கோ, ரு ரூ, மு மூ, ண ன, எ ஏ' என்று ஒரு வரியை அடித்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே அளவில் அச்சிட்டுப் பாருங்கள். இணைகள் உடனே வேறுபட்டுத் தெரியாவிட்டால் கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

முதலில் அளவு. மனுவுக்கும் கடிதத்துக்கும் 12 புள்ளி (பாயின்ட்), முதியவர்கள் படிக்கும் ஜெபத் தாள், பாட்டுத் தாள் போன்றவற்றுக்கு 14 புள்ளி வையுங்கள். ஆனால் 12 என்ற எண் எல்லா எழுத்துருவிலும் ஒரே பருமனில் நிற்பதில்லை. எண்ணை நம்பாமல் தாளை நம்புங்கள். ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்பதற்காக 9 புள்ளிக்கு இறக்குவதைவிட, நிகழ்ச்சி நிரலில் பத்துப் பேருடைய அடைமொழிகளைக் குறைப்பது நல்லது. கமிட்டியில் அதைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு ஒற்றை இடைவெளி போதும். தமிழில் மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரத்தின் வளைவும் இருப்பதால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். வேர்டின் வரி இடைவெளிப் பெட்டியில் மல்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து 1.15 முதல் 1.3 வரை வைத்துப் பாருங்கள். அளவைக் கூட்டாமல் இதை மட்டும் கூட்டியதிலேயே பல கடிதங்கள் சரியாகிவிட்டிருக்கின்றன.

மூன்றாவது, அழுத்தமும் சாய்வும் அடிக்கோடும். சில எழுத்துருக்களில் ஒரே தடிமன்தான் உண்டு. மீரா இனிமை, பவனம், கவிவனார் அப்படிப்பட்டவை. அவற்றுக்குப் போல்டு கொடுத்தால் மென்பொருள் கோடுகளைத் தானாகவே தடிக்க வைத்து, சுழிகளின் உள்வெளியை அடைத்துவிடும். தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டுமென்றால், பல தடிமன்களோடு வரும் கேட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். எல்லாமே இலவசம், அச்சுக்கும் தடையில்லை. சாய்வெழுத்து தமிழில் மரபாக வந்ததல்ல. பெரும்பாலான எழுத்துருக்களில் சாய்வு பொத்தானை அழுத்தினால் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துத் தருகிறது, அவ்வளவுதான். அடிக்கோடு அதைவிடக் கெடுதல்: 'கு', 'சு', 'பு' ஆகியவற்றின் கீழ்வளைவுகளை அது குறுக்கே வெட்டிவிடும். ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் தடிமனை மட்டும் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் எழுத்துருவை மாற்றுவது. நீண்ட உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் மருதம் எனக்குப் பிடித்தவை. அலங்கார எழுத்துரு வேண்டுமென்று பையன் அடம்பிடித்தால், மணமக்கள் பெயர் ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். தேதி, நேரம், இடம், தொலைபேசி எண் ஆகிய நான்கிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுருண்ட எழுத்துருக்களில் 3-உம் 8-உம், 1-உம் 7-உம் மாறித் தெரிவதால் வரும் வம்பு சிறியதல்ல.

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கமிருந்து வருபவர்கள் கேரளத்து உறவினருக்காக மலையாளமும் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது இரண்டு மொழிக்கும் இரண்டு குணமுள்ள எழுத்துருக்களைப் போட்டுக் குழப்பாமல், ஒரே குடும்பத்து எழுத்துருக்களை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் மலையாளம் இருக்கிறது. பாலூ தம்பிக்கு மலையாளத்தில் பாலூ சேட்டன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறிகுறி: எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது

'கி', 'ஷீ' போன்றவற்றின் மேற்சுழியும் புள்ளியும் பாதியாகத் தெரிந்தால், வேர்டில் வரி இடைவெளி எக்ஸாக்ட்லி என்று இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிபிளுக்கு மாற்றினால் தீர்ந்தது. அட்டவணைக்குள் இப்படி நேர்ந்தால், வரிசையின் உயரமும் எக்ஸாக்ட்லி என்று பூட்டப்பட்டிருக்கும்.

அறிகுறி: அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லை

வேர்ட் தமிழைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. கன்ட்ரோலோடு டி விசையை அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்தால், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதி இருக்கும். தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் அங்கே கொடுங்கள். இது தெரியாமல் பாதி நாளைத் தொலைத்தவர்கள் ஏராளம். முதல் ஆண்டில் நானும் தொலைத்திருக்கிறேன்.

அறிகுறி: நிறம் அழகாக இருக்கிறது, எழுத்து தெரியவில்லை

நிறத்தின் பெயரைப் பார்க்காமல், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டைப் பாருங்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள் இதை எண்ணாகவே தருகின்றன: சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. அந்தக் கணக்கில் நம் ஊர் நோட்டீஸ்களில் வழக்கமாக வரும் சேர்க்கைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.07, அதாவது கிட்டத்தட்ட இல்லை. பச்சைப் பின்னணியில் பளிச்சிடும் சிவப்பு 1.28. வெள்ளையில் ஆரஞ்சு 2-ஐக்கூடத் தொடுவதில்லை. வெள்ளையில் சுத்தச் சிவப்பு 4, தலைப்புக்குச் சரி, சிறு எழுத்துக்குப் போதாது. வெள்ளையில் நீலம் 8.6, தாராளம்.

சிவப்பும் பச்சையும் சேர்வதில் இன்னொரு சிக்கல், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள், முக்கியமாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். கொடி நிறம் என்பதால் மாற்ற முடியாது என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அப்போது நிறங்களைப் பட்டைகளாக விட்டுவிட்டு, எழுத்தை வெள்ளைப் பட்டையில் கறுப்பாகப் போடலாம்.

மங்கல நிறம் என்று மஞ்சளில் சிவப்பு கேட்பார்கள். பளிச்சிடும் சிவப்பை மஞ்சளில் போட்டால் 3.7-தான் கிடைக்கும், கண்ணும் கூசும். அதே சிவப்பைக் கருஞ்சிவப்பாக்குங்கள். அதாவது அரக்கு நிறம். எண் 10-க்கு மேல் போய்விடும். மஞ்சளும் குங்குமமும் என்ற மங்கலமும் கெடவில்லை, பாட்டியும் படித்துவிடுவார். இந்த ஒரு மாற்றத்தால் நான் காப்பாற்றிய அழைப்பிதழ்களுக்குக் கணக்கில்லை.

எண்ணெல்லாம் வேண்டாம் என்றால், பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, படத் திருத்தியில் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தனியாக எழுந்து நின்றால் நிறம் சரி. பின்னணிக்குள் கரைந்துபோனால் ஒன்றைக் கருமையாக்குங்கள், அல்லது மற்றதை வெளிறச் செய்யுங்கள்.

அறிகுறி: படத்தின்மேல் எழுத்து காணாமல் போகிறது

இந்த மாவட்டத்துக்கே உரிய வியாதி இது. விடியற்காலைக் கடல், நடுவே 133 அடி வள்ளுவர் சிலை, அதன்மேல் நிகழ்ச்சி நிரல். மேலே ஆரஞ்சு வானம் வெளிச்சமாக, கீழே கடலும் பாறையும் இருட்டாக, நடுவே அலையின் நுரை வெள்ளையாக இருக்கும். கறுப்பு எழுத்து வானத்தில் தெரியும், பாறையில் தெரியாது. வெள்ளை எழுத்து பாறையில் தெரியும், நுரையில் தெரியாது. எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு வரி பலியாகும். உடனே எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, அதற்கு வெளியே சிவப்பு விளிம்பு, அதற்கும் நிழல் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். சுழிகளெல்லாம் அடைபட்டு, எழுத்து சேற்றில் விழுந்த சாமானைப் போலாகிவிடும்.

இதற்கு முதல் மருந்து, எழுத்தைப் படத்தைவிட்டு இறக்குவது. மேல் பாதியில் படம், கீழ்ப் பாதியில் வெறும் நிறத்தில் எழுத்து என்று பிரியுங்கள். படம் முழுப் பக்கத்துக்கும் வேண்டும் என்றால், எழுத்துக்கு அடியில் வெள்ளையாகவோ கருநீலமாகவோ ஒரு பட்டை போட்டு, அது எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் மறைக்கும்படி வையுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் படத்தை நன்றாக வெளிறச் செய்யுங்கள்; ஆனால் அப்படி வெளுத்த படம் ஈரச் சுவர்போலத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். விளிம்பு போட்டே தீர வேண்டும் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

அறிகுறி: திரையில் பளிச், தாளில் மங்கல்

திரை ஒளியைக் காட்டுகிறது, தாளோ மையைக் காட்டுகிறது. மின்னும் பச்சையும் ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் அச்சு மையில் அப்படியே வராது. முதலில் நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கி ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். வண்ணத் தாளில் அச்சிடுவதானால் மை தாளின் நிறத்தோடு கலந்துவிடும், மஞ்சள் பிட் நோட்டீஸில் நீல மை பச்சையாகத்தான் தெரியும். வண்ணத் தாளுக்குக் கறுப்பு மையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஆப்செட்டில் மல்டிகலர் போகும்போது சிறு எழுத்துகளுக்கு விளிம்பில் சிவப்பும் நீலமும் பிசிறாகத் தெரிந்தால், அந்தக் கறுப்பு நான்கு மைகளைக் கலந்து செய்யப்பட்டிருக்கிறது. பிளேட்டுகள் மயிரிழை விலகினாலும் பிசிறு தெரியும். சிறு எழுத்து முழுவதையும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அமைக்கும்படி அச்சகத்தாரிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். வண்ணம் ஒத்தே தீர வேண்டிய முத்திரையோ நிறுவன நிறமோ இருந்தால், இந்த இடத்தில் உங்கள் முயற்சியை நிறுத்திவிட்டு, புரூஃப் (மாதிரிப் பிரதி) எடுத்துத் தரும் அச்சகத்தை அணுகுங்கள்.

அறிகுறி: ஜெராக்ஸ் எடுத்தால் பாதி மறைகிறது

மனுவில் முக்கியமான வரிகளை இளநீலத்திலும், தேதியை இளமஞ்சள் பட்டையிலும் போட்டிருப்பார்கள். அலுவலகத்தில் பிரதி எடுக்கும்போது இளநீலம் மறையும்; மஞ்சள் பட்டை மறையும், அல்லது அழுக்குச் சாம்பலாகி எழுத்தை விழுங்கும். சிவப்பு எழுத்து கறுப்பு-வெள்ளை லேசரில் புள்ளிபுள்ளியாகச் சிதைந்து வரும். எந்த மனுவும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் பிரதியாகவே போகும் என்று கருதி, முழுவதையும் கறுப்பில் அமைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது மங்கினால் வேறு காரணம்: படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

அறிகுறி: ஒட்டிய சில வாரங்களில் நிறம் போகிறது

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, இடையில் கடற்கரை வெயிலும் உண்டு. இங்க்ஜெட்டில் எடுத்த தாளில் மழைத்துளி பட்டால் எழுத்து வடியும். லேசர் பிரதி அப்படி வடியாது. வெளியே ஒட்டுவதற்கு லேசர் பிரதியே போதும், லேமினேஷன் செலவு அடுத்த படி. வெயிலில் முதலில் போவது மஞ்சளும் சிவப்பும்தான்; எஞ்சுவது நீலமும் கறுப்பும். ஆகவே "அபாயம், இங்கே குளிக்கக் கூடாது" என்ற பலகையைச் சிவப்பெழுத்தில் எழுதினால், எது தெரிய வேண்டுமோ அதுவே முதலில் அழியும். கறுப்பில் எழுதி, சிவப்பை விளிம்புப் பட்டையாக வையுங்கள். ஓராண்டுக்கு மேல் நிற்க வேண்டிய பலகையானால் தாளிலும் ஃபிளக்ஸிலும் மல்லுக்கட்டாமல், தகரத்தில் எழுதும் ஓவியரையோ வினைல் வெட்டுபவரையோ தேடிப் போங்கள்.

அறிகுறி: தனித்தனியாக எல்லாம் சரி, மொத்தமாகப் பார்த்தால் இரைச்சல்

எழுத்துருக்களை எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நிறங்களை எண்ணுங்கள், கறுப்பைத் தவிர இரண்டு போதும். அதன்பிறகும் இரைச்சல் தீரவில்லையென்றால் கோளாறு உள்ளடக்கத்தில் இருக்கிறது: எல்லா வரியும் தடித்த எழுத்தில் இருந்தால் எந்த வரியும் தடித்ததாகத் தெரியாது. வாசகர் முதலில் பார்க்க வேண்டிய ஒரு வரி எது என்று கமிட்டியிடம் கேட்டு, அதை மட்டும் பெரிதாக்குங்கள். தெருவின் குறுக்கே கட்டும் பேனருக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. தமிழ்ச் சுழிகளுக்காக நான் அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டி வைப்பேன். ஐம்பதடி தள்ளி வரும் பஸ்ஸில் இருப்பவர் படிக்க ஐந்தங்குலத்துக்குக் குறையாத எழுத்து வேண்டும் என்றால், அந்தப் பேனரில் முப்பது பெயர்களுக்கு இடமிருக்காது என்பது தானே தெளிவாகிவிடும்.

அச்சகத்திடம் ஒப்படைக்கும்போது

பொன் முலாம் அழுத்தும் அட்டை, சிவகாசியிலிருந்து வரும் ஆயத்த அட்டையில் நிறம் ஒத்துப் பதிக்கும் வேலை, ஆயிரம் பிரதிக்கு மேற்பட்ட மல்டிகலர், நூல் வடிவமைப்பு ஆகியவற்றை வீட்டுக் கணினியில் முடிக்கப் பார்க்காதீர்கள். உரையை யூனிகோடில், நிறமும் அலங்காரமும் இல்லாமல் கொடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மூலக் கோப்பாகக் கொடுங்கள். புரூஃப் கைக்கு வந்ததும் பெயர்களை ஒருவர் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் மனப்பாடமாகச் சரிபார்க்காமல், புரூஃப் தாளில் அச்சாகியிருக்கும் எண்களையே பார்த்துக் கைப்பேசியில் அழுத்தி அழையுங்கள். மணி அடிப்பது யார் வீட்டில் என்று தெரிந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.